உயர்த்திய ஜீப்பும் ஆடிக் காற்றும்



கும்பப்பூ அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றி வரும் மாட்டு வண்டியை நாஞ்சில் நாட்டு மாணவர் யாவரும் கண்டிருப்பீர்கள். நேரான பாதையில் அஞ்சாது செல்லும் அவ்வண்டி, கால்வாய்க் கரையின் வளைவை நெருங்கியதும், வண்டிக்காரர் கீழே குதித்து, பாரத்தின்மேல் கட்டிய கயிற்றைப் பற்றி இழுத்தவாறே உடன் நடப்பார். பௌதிக நூல் எதனையும் அவர் கற்றதில்லை. ஆயினும் பாரம் உயர உயர வண்டி கவிழும் இயல்பும் வளர்கின்றது என்பதை அவர் கை அறியும்.

இன்று நான் பேச வந்தது மோட்டார் வண்டியைப் பற்றியது; பொருள் ஒன்றுதான்.

கீரிப்பாறை, காளிகேசம், மாறாமலை ஆகிய இடங்களின் தோட்டப் பாதைகளில் ஏறிச் செல்ல ஜீப்பு ஒன்றே துணை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கென 1941 முதல் பெருமளவில் உருவாக்கப்பட்ட இவ்வண்டி, 1940களின் இறுதியிலேயே நம் நாட்டில் பூட்டப்படலாயிற்று. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வெறும் 80 அங்குலம். அடியில் எளிய பட்டை ஸ்பிரிங்குகள். பாறை அடிவயிற்றில் இடிக்காதிருக்க வேண்டும் என்பதற்காகத் தோட்டக்காரர்கள் அதனை மேலும் உயர்த்துவதுண்டு. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகளைச் சேர்ப்பர். நீண்ட ஷேக்கிள் மாட்டுவர். பெரிய டயர் போடுவர். மலையில் ஒருமுறையும் ஏறாமல் வடசேரிக்கும் மீனாட்சிபுரத்துக்கும் இடையே உலவுவதற்காகவே உயர்த்துவோரும் உளர். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

என் உறவினர் ஒருவர், தம் கிராம்புத் தோட்டத்துக்குச் செல்லும் பழைய ஜீப்பை 5 அங்குலம் உயர்த்தினார். மலையில் அது ஆட்டுக்கடாவைப் போல ஏறியது. ஓர் ஆடி அமாவாசையன்று பணகுடியிலிருந்து குமரிமுனைக்கு நீராடப் புறப்பட்டோம். பெரியவர் நால்வர், குழந்தைகள் இருவர். காவல்கிணற்றைக் கடந்து தெற்கே செல்லும்பொழுது, மலை இடைவெளி வழியே பாய்ந்து வரும் மேல்காற்று வண்டியின் வலப்புற விலாவில் மோதியது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுத்தான். ஒரு லாரி எங்களை முந்திச் சென்றது. அதன் மறைவில் ஒரு கணம் காற்று நின்றது. லாரி விலகியதும் மீண்டும் அறைந்தது. ஸ்டீரிங் கையில் நடுங்க, வண்டி சாலையோர மணலுக்கே இறங்கிவிட்டது. இறைவன் அருளால் அங்கே பள்ளம் இல்லை. குழந்தைகள் அழுவதற்கும் மறந்திருந்தனர்.

நிகழ்ந்தது யாது? முதலாவது, ஈர்ப்பு மையம். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் உள்ள தொலைவில் பாதி 24 அங்குலம், ஈர்ப்பு மையத்தின் உயரமும் 24 அங்குலம் என்று கொள்வோம். மையம் 4 அங்குலம் உயர்ந்தால், கவிழாமல் தாங்கும் ஆற்றலில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 40 கிலோமீட்டரில் இருப்பதைப்போல் 60இல் இரண்டே கால் மடங்கு. மேலும், 10 சதவீதம் பெரிய டயர் போட்ட வண்டியில் வேகமானி 60 என்று காட்டும்பொழுது உண்மை வேகம் 66. ஓட்டுநரை அவருடைய கருவியே ஏமாற்றுகின்றது.

இரண்டாவது, ஸ்டீரிங். சைக்கிளின் முன் கவை சற்றுப் பின்சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அச்சாய்வினாலேயே சக்கரம் தானாக நேர்வழிக்குத் திரும்புகின்றது. ஸ்பிரிங்கின் முன்முனையில் ஷேக்கிள் அமைந்த ஜீப்பில், அதனை நீட்டினால் அச்சு முன்னோக்கிப் புரண்டு இச்சாய்வு குறைந்துவிடும். வண்டி நேரே செல்ல மறுக்கும். ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் இணைப்புத் தண்டும் செங்குத்தாகச் சரிந்துவிடுவதால், ஒவ்வொரு குழியிலும் ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் திரும்பும்.

மூன்றாவது, சவாரி. பட்டைகள் மிகுந்தால் ஸ்பிரிங் விறைக்கும். வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை எழுந்து தாழும் வண்டியே உடலுக்கு இதமானது. விறைத்த வண்டி அதனினும் விரைந்து குலுக்கி முதுகெலும்பை வருத்தும். உயர்த்திய பின்னும் பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தால், அது நீளும் எல்லையை எட்டி ‘டக்’கென்று அடிக்கும்.

திரும்பி வந்ததும் அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டோம். புதிய உறுப்பு எதனையும் அவர் முதலில் கேட்கவில்லை. டயரில் காற்றழுத்தம் பார்த்தார். தேய்ந்த புஷ்களையும் தளர்ந்த மூட்டுகளையும் மாற்றினார். பிறகு நீண்ட ஷேக்கிளைக் கழற்றிப் பழையதை மாட்டினார். இரண்டு பட்டைகளை உருவி, எஞ்சியவற்றின் துருவைத் தேய்த்து மசகிட்டார். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஆப்பு வடிவான எஃகுத் தகடு வைத்துப் பின்சாய்வைச் சரிசெய்தார். இணைப்புத் தண்டை இயன்றவரை கிடைமட்டத்துக்குக் கொணர்ந்தார். உயரத்துக்கேற்ற ஷாக் அப்சார்பர் வந்தது இறுதியில்தான். கூரைமேல் இருந்த இரும்புச் சட்டத்தையும் கழற்றச் சொன்னார். என் உறவினர் அதற்கு மட்டும் முகம் சுளித்தார். 5 அங்குல உயர்வு 2 அங்குலமாயிற்று.

முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் இக்காலத் தார் போன்ற வண்டிகளுக்கு இம்முறைகள் அப்படியே பொருந்தா. ஈர்ப்பு மையத்தின் கணக்கு மட்டும் மாறாது. சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் அளித்த அமைப்பினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் அதனை உறுதி செய்தது. பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

மறு ஆண்டு ஆடியிலும் அதே சாலையில் சென்றோம். காற்று முன்போலவே இருந்தது. என் உறவினர் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவில்லை; பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர்.