மெட்லாக்: ஸார் நதிக்கரையில் ஒரு தொழிற்கிராமம்

ஆற்றங்கரையில் ஊர் தோன்றுவது உலகெங்கும் காணும் இயல்பு. குடிக்க நீரும், விளைவிக்க வண்டலும், போக்குவரத்திற்கு வழியும் ஆறு தருகின்றது. ஆயினும், ஒரே ஆற்றின் நீரைப் பருகி, ஒரே தொழிலை மேற்கொண்ட இரண்டு ஊர்களுள் ஒன்றில் தொழில் நிலைத்து, மற்றொன்றில் அது மறைந்துவிடுவதும் உண்டு. அத்தகைய இரண்டு ஊர்கள் ஜெர்மனியின் மேற்கெல்லையில், ஸார் நதிக்கரையில் உள்ளன. ஒன்றன் பெயர் மெட்லாக். மற்றொன்றன் பெயர் வாலர்ஃபாங்கன். முன்னதன் வரலாற்றை விரிவாகவும், பின்னதன் முடிவைச் சுருக்கமாகவும் இன்று நாம் காண்போம். பிறந்த ஊரை விட்டு வந்து, ஆலைகளையும் அலுவலகங்களையும் சார்ந்து வாழும் நமக்கு இவ்வரலாறு முற்றிலும் அயலாருடைய கதையாகத் தோன்றாது.

முதலில் நிலத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஸார் நதி பிரான்ஸ் நாட்டிலுள்ள வோஜ் மலைத்தொடரில் பிறக்கின்றது. வடக்கு நோக்கிச் சுமார் 240 கிலோமீட்டர் ஓடி, ட்ரியர் நகருக்கு அருகில் கோன்ஸ் என்னும் இடத்தில் மோசெல் நதியுடன் கலக்கின்றது. அதன் வழியில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த ஸார்புரூக்கன் வட்டாரம் முதலில் வருகின்றது. அதனைக் கடந்து மெர்ட்ஸிக் ஊரைத் தாண்டியதும், கடினமான பாறையால் ஆன மலைகள் நதியை மறிக்கின்றன. நேர்வழியில் இரண்டு கிலோமீட்டரே உள்ள தொலைவைக் கடக்க, நதி அங்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் சுற்றி வளைந்து செல்கின்றது. ஓர்ஷோல்ட்ஸ் என்னும் ஊரின் மலைவிளிம்பில் நின்று பார்த்தால், காடு அடர்ந்த மலைமுனையை ஒரு குதிரைலாடம் போல் நதி சூழ்ந்திருக்கும் காட்சி தென்படும். அந்த வளைவு முடியும் இடத்தில், மலைக்கும் ஆற்றுக்கும் இடையே உள்ள சிறிய சமதரையில் அமைந்த ஊரே மெட்லாக்.

உழவுக்கு அங்கே பரந்த நிலம் இல்லை. பள்ளத்தாக்கு குறுகியது, சரிவுகள் செங்குத்தானவை. ஆனால் சுற்றிலும் காடு உண்டு. விசையுடன் ஓடும் நீர் உண்டு. மேலே உள்ள சுரங்க வட்டாரத்திலிருந்து படகில் நிலக்கரி இறங்கிவர வழியும் உண்டு. இந்த மூன்றும் ஓரிடத்தில் கூடியிருந்தும், பல நூற்றாண்டுகள் அங்கே பெருந்தொழில் எதுவும் தோன்றவில்லை. அவ்விடத்தை நாடி வந்தவர்கள் தொழிலாளர் அல்லர், துறவிகள்.

ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் லூட்வின் என்னும் பெருந்தகை இங்கே ஒரு கிறிஸ்தவ மடத்தை நிறுவினார். அவர் பின்னாளில் ட்ரியர் நகரத்தின் ஆயராக விளங்கியவர். அவர் நினைவைப் போற்றி, ஏறத்தாழ 990 ஆம் ஆண்டில் எண்கோண வடிவில் எழுப்பப்பட்ட கற்கட்டடம் 'பழைய கோபுரம்' என்ற பெயருடன் இன்றும் நிற்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் துறவிகள் ஆற்றை நோக்கி நீண்ட முகப்புடைய பெரியதொரு மடாலயத்தைக் கட்டத் தொடங்கினர். அக்காலத்திலேதான் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. பிரெஞ்சுப் படைகள் இப்பகுதியைக் கைப்பற்றின, மடங்களின் உடைமைகள் பறிமுதலாயின, துறவிகள் வெளியேறினர். மாளிகை போன்ற கட்டடம் ஆளற்றுக் கிடந்தது.

அக்கட்டடத்தை 1809 ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியவர் ஜான் பிரான்ஸுவா போக் என்பவர். அவருடைய பாட்டனார் பிரான்ஸுவா போக், இரும்பு வார்க்கும் தொழிலில் இருந்தவர். 1748 ஆம் ஆண்டில் லொரேன் மாநிலத்தின் ஒரு கிராமத்தில் தம் மைந்தருடன் பாண்டம் வனையத் தொடங்கியவர். குடும்பத்தார் 1767 ஆம் ஆண்டில் லக்ஸம்பர்க்கில் ஓர் ஆலையை அமைத்தனர். மூன்றாம் தலைமுறையினரான ஜான் பிரான்ஸுவா, துறவிகள் ஜெபம் செய்த கூடங்களிலே பாண்டத் தொழிற்சாலையை நிறுவினார். ஆற்றுநீரின் விசையால் யந்திரங்களை இயக்கினார். சூளைக்கு விறகை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் நிலக்கரியைப் பயன்படுத்த முற்பட்டார். துறவிகளின் காலத்திலும் அதே ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதே நிலக்கரி மண்ணுக்குள் இருந்தது. அவற்றைச் சூளையோடு இணைத்துப் பார்க்கும் அறிவு வந்து சேர்ந்த பின்னரே அவை செல்வமாயின.

காலமும் அவருக்குத் துணை செய்தது. இங்கிலாந்தின் சரக்குகள் ஐரோப்பாவில் நுழையக்கூடாது என்று 1806 ஆம் ஆண்டில் நெப்போலியன் தடை விதித்திருந்தான். ஆங்கிலேயரின் மெல்லிய வெண்பாண்டங்களுக்கு மாற்றாக உள்நாட்டுப் பாண்டங்களை மக்கள் தேடினர். ஆனால் நெப்போலியன் வீழ்ந்ததும் தடையும் வீழ்ந்தது. ஆங்கிலச் சரக்கின் போட்டி மீண்டும் தலையெடுத்தது. அதனைத் தாங்குவதற்காக, அதே ஆற்றின் மேற்பகுதியில் வாலர்ஃபாங்கனில் 1791 ஆம் ஆண்டு முதல் பாண்டம் செய்துவந்த நிக்கொலாஸ் வில்லராய் என்பவரின் நிறுவனத்தோடு போக் குடும்பம் 1836 ஆம் ஆண்டில் இணைந்தது. 'வில்லராய் - போக்' என்னும் கூட்டு நிறுவனம் அவ்வாறு பிறந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1842 ஆம் ஆண்டில், ஜான் பிரான்ஸுவாவின் மகன் ஆய்கன் போக், வில்லராய் குடும்பத்து ஒக்டாவியை மணந்தார். வாணிக உறவு குருதி உறவாகவும் ஆயிற்று.

நேயர்களே! ஒரு தொழில் ஓரிடத்தில் வேரூன்றிவிட்டால் மட்டும் போதாது. காலத்திற்கேற்பப் புதிய கிளை விடவும் வேண்டும். மெட்லாக்கில் அது நிகழ்ந்த விதம் சுவையானது. ஊருக்கு மேற்கே, மோசெல் நதிக்கரையிலுள்ள நென்னிக் என்னும் சிற்றூரில், 1852 ஆம் ஆண்டில் மண்ணைத் தோண்டியபொழுது, ரோமானியர் காலத்து மாளிகை ஒன்றின் தரை வெளிப்பட்டது. வண்ணச் சிறுகற்களைப் பதித்து, வீரர்களும் விலங்குகளும் பொருதும் காட்சிகளை அதில் தீட்டியிருந்தனர். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நிறம் மங்காத அத்தரை ஆய்கன் போக்கின் சிந்தையைத் தூண்டியது. கல்லால் செய்ததை ஏன் களிமண்ணால் செய்யலாகாது? களிமண் பொடியை அச்சிலிட்டு அழுத்தி, கடும் வெப்பத்தில் சுட்டால், கல்லுக்கு நிகரான உறுதியுடைய தள ஓடு கிடைக்கும் என்பதைச் செயலில் காட்டினர். 1869 ஆம் ஆண்டில் அதற்கெனத் தனி ஆலையே எழுந்தது. 'மெட்லாக் ஓடு' என்று ஊரின் பெயரே சரக்கின் பெயராயிற்று. புகழ்பெற்ற கோலோன் தேவாலயத்தின் உட்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பதிக்கப்பட்ட சித்திரத் தரை, இவ்வூரில் உருவானதே.

இதற்கிடையே புகைவண்டியும் வந்தது. ஸார்புரூக்கனையும் ட்ரியரையும் இணைக்கும் இருப்புப்பாதை 1860 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. நதி சுற்றி வளைந்த மலையை, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கவழியால் பொறியியலார் நேரே துளைத்துவிட்டனர். குதிரைகள் கரையோரம் நடந்து படகுகளை இழுத்த காலம் மெல்ல மறைந்தது. ஆற்றினால் வந்த தொழில், ஆற்றை மட்டும் நம்பியிராத தொழிலாக வளர்ந்தது.

சூளையின் முன் நின்று உழைத்தவர்களின் நிலை யாது? களிமண் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அனல் உடலை வாட்டும். நோயுற்று வேலைக்குச் செல்லாத நாளில் கூலி இல்லை என்பதே அக்காலத்துப் பொது வழக்கம். போக் குடும்பத்தின் ஆலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, புனித அந்தோணியாரின் பெயரால் தொழிலாளர் உதவிச் சங்கம் ஒன்று ஏற்பட்டது. அதன் பொதுநிதியிலிருந்து நோயுற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் உதவி கிடைத்தது. ஜெர்மானியப் பேரரசு முழுவதற்குமான நோய்க்காப்பீட்டுச் சட்டம் 1883 ஆம் ஆண்டில்தான் வந்தது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாளியின் கருணை இதில் இருந்திருக்கலாம். பழகிய கைகளை இழந்தால் ஆலை நடவாது என்ற கணக்கும் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், வேலை கற்றவர் ஊரிலேயே தங்கவும், தந்தையின் தொழில் மகனுக்குச் செல்லவும் அது வழிவகுத்தது.

இவ்வூரார் கண்ட ஆட்சி மாற்றங்களோ பல. ஆலை தொடங்கியபொழுது அது நெப்போலியனின் பிரான்ஸ். 1815 ஆம் ஆண்டில் பிரஷ்யா. 1871 ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேரரசு. முதல் உலகப் போருக்குப்பின், 1920 முதல் 1935 வரை சர்வதேச சங்கத்தின் நிர்வாகம். பின்னர் ஹிட்லரின் ஜெர்மனி. 1944-45 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இம்மலைகளே போர்க்களமாயின. 1947 முதல் பிரெஞ்சுப் பாதுகாப்பிலிருந்த தனிப்பகுதி. 1955 ஆம் ஆண்டில் மக்கள் அளித்த வாக்கின் பயனாக, 1957 ஜனவரி முதல் நாள் மீண்டும் ஜெர்மனி. இருந்த இடத்தை விட்டு நகராமலே, நெடுநாள் வாழ்ந்த ஒருவர் நான்கு வேறுபட்ட ஆட்சிகளின் கீழ் வாழ நேர்ந்தது. ஊரை விட்டு வந்தவர்க்கே நாடு மாறும் என்று நாம் எண்ணுகிறோம். எல்லைப்புறத்து மக்களுக்கு நாடே வந்து வந்து மாறியிருக்கின்றது.

இனி வாலர்ஃபாங்கனைப் பார்ப்போம். அங்கும் அதே நதி, அதே நிறுவனம், அதே கைத்திறன். மெட்லாக்கைவிட முந்தி அங்கே சூளை எரிந்தது. எனினும், உலகெங்கும் வாணிபம் சரிந்து கிடந்த 1931 ஆம் ஆண்டில் அவ்வூர் ஆலை மூடப்பட்டது. நூற்று நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள தொழில் அங்கே முடிவுற்றது. அவ்வூர்த் தொழிலாளர் திறமையில் குறைந்தவர் என்று யாரும் கூறமுடியாது. பல ஆலைகளை உடைய நிறுவனத்தில், எதை நடத்துவது, எதை நிறுத்துவது என்ற முடிவு தலைமையிடத்தில் எடுக்கப்படுகின்றது. அத்தலைமையிடம் மெட்லாக்கில் இருந்தது. கைகளின் திறன் ஒரு தொழிலை வளர்க்கும். ஆனால் அத்தொழில் எங்கே நிலைக்க வேண்டும் என்பதை அத்திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஓர் ஆலையைச் சுற்றி எழுந்த எந்த ஊரும் மறக்கலாகாத பாடம் இது.

மெட்லாக்கிற்கும் மாற்றங்கள் வராமற் போகவில்லை. ஊரின் பெயரை உலகறியச் செய்த தள ஓட்டுப் பிரிவின் பெரும்பங்கு, 2007 ஆம் ஆண்டில் துருக்கி நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. ஸார் வட்டாரத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2012 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தொடக்கத்தில் தொழிலைத் தாங்கிய தூண்களுள் ஒன்று இவ்வாறு மறைந்தது. ஆயினும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அந்தப் பழைய மடாலயத்திலேயே இன்றும் இயங்குகின்றது. ஆறோ, அணைகளும் மதகுகளும் கட்டி ஆழப்படுத்தப்பட்டு, பெரிய சரக்குக் கப்பல்கள் செல்லும் நீர்வழியாகியுள்ளது. மலைமேலிருந்து நதியின் வளைவைக் காணத் திரளான மக்கள் வருகின்றனர். விளைநிலம் குறைந்த அப்பள்ளத்தாக்கின் அழகே இப்பொழுது மற்றொரு வருவாயாகியிருக்கின்றது.

இயற்கை தரும் வாய்ப்பு, அதனைப் பயன்படுத்தும் அறிவு, உழைப்பவரை ஊரில் நிலைக்கச் செய்யும் பாதுகாப்பு, முடிவெடுக்கும் இடத்தின் அண்மை ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியதனால் மெட்லாக் நிலைத்தது. நான்காவது இல்லாமையால் வாலர்ஃபாங்கன் தன் தொழிலை இழந்தது. நாம் வாழும் தொழில் நகரங்களிலும் முதல் மூன்றைப் பற்றிப் பெரிதும் பேசுகிறோம். நான்காவதைப் பற்றியும் எண்ணிப் பார்ப்பது நமக்கும் நம் மக்களுக்கும் நன்மை பயக்கும்.