துயரத்தைப் பொதுவில் வைக்கும் கலை

(திருப்பதியில் நடைபெற்ற பண்பாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கலை, பண்பாடு, மனநலம்’ என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு. கலை மனத்துக்கு நல்லது என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஒன்று, 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, நோய் வராமல் காப்பதிலும் வந்த நோயைச் சமாளிப்பதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்று கூறியது. அதே ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த வேறோர் ஆய்வு, 50 வயதைக் கடந்த 6,710 பேரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் நாடகம், இசை நிகழ்ச்சி, அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குச் சென்றுவந்தோரிடையே, அவற்றுக்குச் செல்லாதோரைவிட இறப்புக்கான வாய்ப்பு 31 விழுக்காடு குறைவாக இருந்தது. கலைதான் காரணம் என்பதை இத்தகைய ஆய்வு மெய்ப்பித்துவிடாது. ஆனால் தொடர்பு இருப்பதை மறுப்பதற்கில்லை.

இங்கே நாம் எழுப்பவேண்டிய கேள்வி வேறு. சில மாதங்களுக்கு ஒருமுறை நாடகம் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறியின் முன் நிற்கும் தொழிலாளிக்கு இருக்கிறதா? திருமலைக்கு வரும் கூட்டத்துக்கு அறையைப் பெருக்கி, உணவு பரிமாறி, சுமை தூக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இருக்கிறதா?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தினக்கூலி பெற்று வாழ்ந்தவர். மாணவர்கள் 13,044 பேர். 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, மனநலச் சிக்கல் உள்ளோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று காட்டியது. இந்த எண்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாட்டும் கூத்தும் மனத்தை ஆற்றும் என்று மட்டும் பேசுவது நேர்மையாகாது.

அழுகைக்குத் தமிழ் சொன்ன காரணம்

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் கூறுகிறது. அழுகைக்கு அது தரும் காரணங்கள்: பிறரால் இழிவுபடுத்தப்படுதல், இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தளர்தல், வறுமை. வெகுளியின் காரணங்களில் அடித்து அலைத்தலும் கொலையும் உண்டு.

இதில் கருதத்தக்கது என்ன? அழுகையின் வேரை அழுபவரின் மூளைக்குள் மட்டும் அந்த இலக்கணம் தேடவில்லை. இழிவும் வறுமையும் ஒருவர்மீது புறத்திலிருந்து வந்து விழுபவை. இன்று மன அழுத்தம் என்று பெயரிட்டு, மூச்சுப் பயிற்சி செய், நல்லதையே நினை என்று தனிமனிதரிடமே பொறுப்பைத் திருப்பிவிடுகிறோமே, அதைவிட இந்தப் பழைய பார்வை நம் வாழ்க்கைக்கு நெருக்கமானது. மனநோய்க்கு மருத்துவமும் மருந்தும் இன்றியமையாதவை, அதில் ஐயமில்லை. ஆனால் துயரம் எல்லாமே நோயன்று. துயரத்தின் காரணத்தைச் சுட்டுவதற்கு ஒரு மொழி வேண்டும். அந்த மொழியைத் தருவதே கலையின் முதற்பணி.

இந்த மண்ணின் இரண்டு விழாக்கள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வாழும் நமக்கு இதற்குச் சான்று தேடித் தொலைவு போகவேண்டியதில்லை. கோடையில் ஊர்தோறும் தர்மராஜா கோயில்களில் பாரத விழா நடக்கிறது. பெரும்பாலும் 18 நாள்கள். பகலில் அரிகதை, இரவில் கூத்து. எல்லையோர ஊர்களில் தமிழும் தெலுங்கும் அங்கே கலந்து ஒலிக்கின்றன. இறுதி நாளில் துரியோதனன் களிமண் உருவமாய்த் தரையில் நீண்டு கிடக்கிறான். வீமன் அவன் தொடையைப் பிளக்கிறான். அவையில் இழுத்துவரப்பட்ட திரௌபதி விரித்த கூந்தலை முடிக்கிறாள். மானபங்கம் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் வெகுளியை ஊரே கூடி நின்று, அது நியாயமானது என்று ஒப்புக்கொள்ளும் நேரம் அது.

இரண்டாவது, திருப்பதி கங்கம்மா ஜாத்திரை. மே மாதத்தில் ஒரு வாரம் நடக்கும் அந்த விழாவின் கதை நீங்கள் அறிந்ததே. ஊர்ப் பெண்களைச் சூறையாடிய பாளையக்காரன், கங்கம்மாவின் உண்மை உருவம் கண்டு ஓடி ஒளிகிறான். அவள் நாள்தோறும் ஒரு வேடம் பூண்டு அவனைத் தேடி, இறுதியில் துரை வேடத்தில் வந்து தலையைக் கொய்கிறாள். பைராகி வேடம், பண்ட வேடம், தோட்டி வேடம், மாதங்கி வேடம் எனப் பக்தர்களும் வேடமிடுகிறார்கள். பண்ட வேடக்காரருக்குத் தெருவில் எவரையும் வையும் உரிமை உண்டு. ஆண்கள் சேலை கட்டிப் பூச்சூடி வருகிறார்கள். ஆண்டு முழுவதும் அடக்கிய சொல் அந்த வாரத்தில் வெளிப்படுகிறது.

இவற்றை அப்படியே போற்றிப் பாடுவது நம் வேலையன்று. அந்த வசைக்கு ஒரு வாரம்தான் அனுமதி. மறுநாள் அதே தெருவில் அதே அதிகாரம் திரும்பிவிடுகிறது. கூத்து மேடையில் திரௌபதியாக அழுபவர் வழிவழியாக ஓர் ஆண்; பெண்ணின் துயரத்தைப் பெண்ணே பேச மேடை இருக்கவில்லை. தப்படித்து விழாவைத் தொடங்கிவைக்கும் தலித் கலைஞனுக்கு எத்தனை ஊர்களில் கோயிலுக்குள் இடம் இருந்தது? ஒருவரின் மனத்தை ஆற்றும் விழாவே இன்னொருவரை இழிவுபடுத்தலாம். பண்பாடு நலம் தரும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லமுடியாததற்கு இதுவே காரணம். எந்தப் பண்பாடு, யாருக்கு, யார் கையில் என்று கேட்டாகவேண்டும்.

துபகுண்ட காட்டிய வழி

அப்படிக் கேட்டவர்கள் நமக்கு முன்னரே இருந்தார்கள். 1943-இல் இந்திய மக்கள் நாடக மன்றம் பிறந்தது. அதன் ஆந்திரக் கிளையாக வளர்ந்த பிரஜா நாட்டிய மண்டலி, புர்ரகதையையும் வீதி நாடகத்தையும் உழவர்களின் கதையைச் சொல்லும் வடிவங்களாக மாற்றியது. ஷேக் நாசர் போன்ற கலைஞர்களின் குரலில், அரசர் கதை கேட்ட மக்கள் தம் கதையைக் கேட்டார்கள்.

மனநலம் குறித்துப் பேசும்போது நான் அதிகம் எண்ணிப்பார்ப்பது, அண்டை மாவட்டமான நெல்லூரின் துபகுண்ட கிராமத்தை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. கலைப்பயணக் குழுக்கள் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராய்ச் சென்றன. இரவு வகுப்பில் எழுத்துக் கூட்டிய கூலிப் பெண்கள், தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கணவன் குடித்துவிட்டு வந்து அடிப்பதும், கூலி சாராயக்கடைக்குப் போவதும், பிள்ளை பசியோடு தூங்குவதும் தன் தலையெழுத்து என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியே நம்பியிருந்தாள். எல்லா வீட்டிலும் அதே கதை என்று தெரிந்தபோது, அது தலையெழுத்து இல்லை என்பதும் தெரிந்தது. சாராயக்கடையை மூடவைத்தார்கள். அந்தப் போராட்டம் பாடப் புத்தகத்தில் கதையாக ஏறி, வேறு ஊர்ப் பெண்கள் அதைப் படித்துத் தங்கள் ஊர்க் கடைகளை முற்றுகையிட்டார்கள். இயக்கம் சித்தூர் உட்படப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. 1993-இல் மாநிலம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997-இல் அது தளர்த்தப்பட்டது என்பது வேறு கதை. அரசின் வருவாய்க் கணக்கு பற்றிய கதை.

அந்தப் பெண்களுக்கு நடந்ததை எப்படி விளங்கிக்கொள்வது? பாட்டு அவர்கள் வலியை மரத்துப்போகச் செய்யவில்லை. வலியின் காரணத்தைக் காட்டியது. அதைப் பலரோடு பகிர்ந்துகொள்ளவைத்தது. பகிர்ந்தவர்களைச் செயலுக்கு இட்டுச்சென்றது. ‘என்னால் ஆவது ஒன்றுமில்லை’ என்ற எண்ணமே மனச்சோர்வின் அடியில் கிடப்பது. அந்த எண்ணம் உடைந்த இடத்தில் மனிதர் நிமிர்கிறார்.

நேரமும் இடமும்

கலைக்கு நேரம் வேண்டும். நேரமோ உழைப்பவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. 2025 ஜூன் மாதம் ஆந்திர அமைச்சரவை, நாளொன்றுக்கான வேலை நேர வரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நிறைவேறி, தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் எதிர்த்ததால் மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்காக என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்த மூன்றாவது எட்டில்தான் பாட்டும் வாசிப்பும் நட்பும் அடங்கும். ஆகவே வேலை நேரத்துக்கான போராட்டம் மனநலத்துக்கான போராட்டமும் ஆகும்.

தோழர்களே, நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமை ஆரம்ப சுகாதார நிலையம்வரை வந்து சேரவேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை ஒவ்வொரு சங்க அலுவலகச் சுவரிலும் எழுதிவைப்போம். கூத்துக் கலைஞருக்கும் தப்புக் கலைஞருக்கும் ஓய்வூதியமும் மதிப்பும் வேண்டும். ஊர்தோறும் நூலகம் வேண்டும். சாதி கேட்காத பொதுத் திடல் வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிவதில்லை. நம் கூட்டங்களில் அறிக்கை வாசிக்கிறோம், முழக்கமிடுகிறோம், கலைந்துபோகிறோம். அருகில் அமர்ந்திருக்கும் தோழர் மூன்று மாதமாகச் சரியாக உறங்கவில்லை என்பது நமக்குத் தெரிவதில்லை. கிளைதோறும் மாதம் ஒரு மாலையைப் பாட்டுக்கும் கதைக்கும் ஒதுக்குவோம். பாடத் தெரிந்தவர் மட்டுமன்றி எல்லோரும் பாடட்டும். பெண் தோழர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லட்டும். அங்கே ஒருவர் அழுதால், ஏன் அழுகிறாய் என்று அடக்காமல், அந்த அழுகையின் காரணம் இழிவா, இழப்பா, தளர்ச்சியா, வறுமையா என்று சேர்ந்து தேடுவோம். காரணம் தெரிந்தால் அதை மாற்ற என்ன செய்யலாம் என்பதையும் சேர்ந்தே முடிவுசெய்யலாம்.