ஈன்ற பின் 21 நாட்கள்



கறவை மாட்டின் கருப்பை நோயைப் பற்றிப் பேச மும்பையின் வடாலாவா என்று சிலர் கேட்டார்கள். இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பரேலில் 1886இல் தொடங்கிய பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிழக்கே செம்பூரைத் தாண்டினால் 1971இல் திறந்த தேவனார் இறைச்சிக்கூடம். மும்பை எருமையின் கதை இந்த இரண்டுக்கும் நடுவேதான் நடந்திருக்கிறது.

குஜராத்திலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் ஈன்ற சூட்டோடு எருமைகளை வாங்கிவந்து தபேலா எனும் நகரத்து மாட்டுக்கொட்டிலில் கட்டுவார்கள். பால் வற்றினால், மறுபடி சினை பிடித்து ஈனும்வரை தீனி போட இந்த நகரத்தில் கட்டுப்படியாகாது. விற்றுவிடுவார்கள். நல்ல முர்ரா, ஜாப்ராபாடி எருமைகள் இன்னும் பல ஈற்று ஈனும் வயதிலேயே இப்படிக் கசாப்புக்குப் போயின. அதைத் தடுக்கவும்தான் 1949இல் ஆரே பால் குடியிருப்பு எழுந்தது. அதற்காக உழைத்த தாரா குரோடியை நன்றியோடு நினைக்கிறேன். ஆனாலும் தபேலாவின் கணக்கு முழுக்க மாறிவிடவில்லை. மறு ஈற்றை எதிர்பார்க்காத இடத்தில் கருப்பை ஆறியதா என்று யார் பார்ப்பார்கள்? நம் துறையின் பெரிய இடைவெளி அங்கேதான் தொடங்குகிறது.

பாலுக்காகக் கருப்பையை வதைத்த வழக்கமும் இருந்தது. பால் சுரக்க வைக்க எருமையின் பிறப்புறுப்புக்குள் காற்றை ஊதும் ‘பூக்கா’தான் அது. அதைக் கேள்விப்பட்டுக் காந்தியடிகள் பாலையே வெறுத்தார். 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலைக் கைவிட்டார். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பூக்காவைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியது. அது கொடுமை என்பதோடு, வெளியே இருக்கும் கிருமியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும் செயலும்கூட.

இனி, பேச வந்த பொருளுக்கு வருகிறேன். ஈன்ற முதல் இரண்டு வாரங்களில் ஏறத்தாழ எல்லாப் பசுக்களின் கருப்பையிலும் பாக்டீரியா இருக்கும். பெரும்பாலானவை தாமாகவே அதை வெளியேற்றிவிடுகின்றன. ஆகவே கிருமி இருக்கிறதா என்று கேட்பதைவிட, இந்த மாட்டால் ஏன் அதை வெளியேற்ற முடியவில்லை என்று கேட்பதே பயன் தரும். முதல் நாட்களில் ஈ.கோலை பெருகுகிறது. அதன் நச்சு கருப்பையோடு நிற்பதில்லை, சினைப்பையையும் தாக்கி ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைக்கிறது. மாடு ஏன் பருவத்துக்கு வரவில்லை என்று விவசாயி கேட்பதற்கு ஒரு விடை இங்கே இருக்கிறது. அடுத்து ட்ரூபெரெல்லா பயோஜீன்ஸ் வருகிறது, பெரும்பாலும் பியூசோபாக்டீரியத்தோடு கூட்டுச் சேர்ந்து. அது சுரக்கும் பையோலைசின் செல்சவ்வில் உள்ள கொழுப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போடுகிறது. மேல்தோல் உரிந்து கிடக்கும் ஈன்ற கருப்பையில் அதற்குத் தடையே இல்லை. அதே நேரத்தில்தான் மாடு தின்பதைவிட அதிகமாகக் கறந்து கொடுக்கிறது; உடல் இளைக்கிறது, எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. தீவனத் தொட்டியைப் பார்க்காமல் கருப்பையை மட்டும் பார்க்கும் மருத்துவம் பாதி மருத்துவம்தான்.

2006இல் வெளியான வரையறை, 21 நாட்களுக்குள் வரும் கருப்பை அழற்சியையும் அதற்குப் பின் உட்சவ்வில் மட்டும் தங்கும் அழற்சியையும் பிரித்துக் காட்டியது. நடைமுறையில் நாம் இரண்டுக்கும் ஒரே ஊசியைப் போடுகிறோம். நாற்றமெடுக்கும் செந்நிறக் கசிவோடு காய்ச்சலும் சோர்வும் இருந்தால் தாமதிக்கக் கூடாது. ஈன்ற முதல் நாட்களில் நாற்றமில்லாத கசிவு மாட்டுக்கு இயல்பு. அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது பாலில் மருந்தையும் ஊரில் எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமியையும் மட்டுமே மிச்சம் வைக்கும்.

நஞ்சுக்கொடி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். கொடி தானாக விழாவிட்டால் கைவிட்டு இழுக்க ஆள் தேடுவதும் உண்டு. இழுக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் தகும். கொடி ஒட்டியிருக்கும் இடம் கிழிந்தால் கிருமிக்கு வாசல் திறக்கிறது. ஈன்றவுடன் முள்ளங்கி, பிறகும் விழாவிட்டால் வெண்டைக்காயும் வெல்லமும் என்று பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மரபு முறையை ஏளனம் செய்ய வேண்டாம். சோதனைக் குழு, ஒப்பீட்டுக் குழு வைத்து ஆராய்ந்து சொல்லுங்கள்.

கட்டுரை படிக்கப் போகும் இளம் ஆய்வாளர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். மாதிரி எடுத்தது ஈன்ற எத்தனையாவது நாள் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் கிருமியின் பெயருக்குப் பொருளில்லை. எருமையைப் பசுவோடு சேர்த்து ஒரே அட்டவணையில் அடைக்காதீர்கள். உலகின் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஹோல்ஸ்டீன் பசுக்களில் நடந்தவை. எருமைக்கான எண்களை எருமை வளர்க்கும் நாம்தான் தேட வேண்டும். முதல் அமர்வே எருமையைப் பற்றியது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.