பிரட்டில் பேர் விழாத நாள்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் பேச்சுவார்த்தைக்குப் போனபோது செக்ரோலைத் திறந்து எங்கள் முன் வைத்தார்கள். "ஆட்கள் மலைக்கு வருவதில்லை, சம்பளம் மட்டும் கூட்டிக் கேட்கிறீர்கள்" என்றார்கள். வராத நாளுக்கு அதில் ஒரு கோடுதான் இருக்கிறது. ஏன் வரவில்லை என்று எழுத இடமில்லை.

எங்களிடமும் ஒரு புத்தகம் உண்டு, பள்ளிக்கூட இடாப்பு. மூத்த பெண்பிள்ளை வராவிட்டால் விசாரிப்போம். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக் காம்பராவில் எடுக்கவில்லை என்பாள். நேற்று அம்மா நின்றார், இன்று இவள் நிற்கிறாள். பேரும் போகிறது, பாடமும் போகிறது.

கிளினிக் நாளை எடுங்கள். ரவுனில் வரிசையில் நின்று மருந்தெடுத்து வர பதினொரு மணியாகிறது. பிரட்டுக்குப் பிந்தியவரை மலைக்கு விடுவதில்லை. அரை நாள் அலைச்சலுக்கு முழுப் பேர் போகிறது. குளவி கொட்டிப் படுத்தவரும் அதே கோட்டுக்குள்தான்.

புல் மண்டிய மலையில் கேட்கிற கிலோ எடுக்க முடியாது. அங்கே அரைப்பேருக்கு நிற்பதைவிட மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போகலாம் என்று சிலர் போகிறார்கள். குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் இங்கே விழும் பேருக்கு நமது 8 வீதத்தோடு கம்பனி 12 வீதம் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். கைக்காசு வேலையில் அது கிடையாது.

சம்பளத்துக்கு மறுநாள் வராத ஆண்களையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு மட்டும் காய்ச்சல் என்று பேர் வைக்காதீர்கள், அண்ணன்மாரே.

வரவுக்குக் காசு என்றால் எல்லாரும் வருவார்கள் என்கிறார்கள். 2013 ஒப்பந்தத்தில் அடிப்படை 450 ரூபா, வரவுக் கொடுப்பனவு 140 ரூபா. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தால்தான் அந்த 140. மாதம் 24 நாள் வேலை என்றால் 18 நாள் வர வேண்டும். 17 நாள் வந்தவருக்கு, அந்த 17 நாளுக்குமான 2,380 ரூபாவும் இல்லை. பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் நீடித்ததற்கு அதுதான் விலை. 2019இல் அந்தக் கொடுப்பனவையே எடுத்துவிட்டார்கள்.

முதலாம் திகதியிலிருந்து லயத்துக்கு ஒரு கொப்பி தருகிறோம். வராத நாளுக்குக் காரணம் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதட்டும். சம்பளத்துக்கு மறுநாளும் உண்மையையே எழுதுங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் செக்ரோலுக்குப் பக்கத்தில் அந்தக் கொப்பிகளை வைப்போம். கிளினிக் நாளில் பிந்தி வருபவருக்கு அரைப்பேராவது போட வேண்டும், பிள்ளைக் காம்பராவுக்கு இன்னொரு ஆயா வேண்டும். முதலில் கேட்கப்போவது இந்த இரண்டும்தான்.