தோலுக்கு இடும் களிம்பு

கரப்பானுக்கு மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டுக் களிம்பு, 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோனோடு தோல் மருத்துவத்துள் வந்தது. அது அழற்சியைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் கேடு பெரிது.

விடுதிக் காப்பாளராக இருந்த நாளில் நான் பலமுறை கண்டது இது: ஒருவன் தன் கரப்பான் களிம்பைத் தோழனின் படர்தாமரைக்குக் கொடுப்பான். இரண்டொரு நாளில் அரிப்பு அடங்கும், தோழன் மகிழ்வான். படர்தாமரையோ பூஞ்சையால் வருவது. அதனை எதிர்த்து நின்ற அழற்சியை அடக்கிவிட்டதால், பூஞ்சை தடையின்றிப் பரவும். வட்ட வடிவமும் கலைந்துவிடுவதால், பார்க்கும் மருத்துவரே தடுமாற நேரும்.

முகம் வெளுக்க இதனைப் பூசுவோரும் உளர்! முகத்தோல் மெல்லியது; மருந்தை மிகுதியாக உறிஞ்சும். நாளடைவில் தோல் மெலிந்து சிவக்கும், பருக்கள் எழும், நிறுத்தினால் எரியும்.

அதற்காக, உண்மையான கரப்பானுக்கும் அஞ்சி அஞ்சித் துளியளவு தடவுவதை நான் ஒப்புவதில்லை. நோய் அடங்காமல் நாள்தான் நீளும். அளவுக்கு விரலே கருவி. வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரைக் கிராம். விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடமே கேட்டு, குழாயின்மேல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.