நுளம்பும் அது நாடும் நீரும்



மாலை மயங்கும் வேளையிற் காதருகே வந்து ஓசையிடும் நுளம்பைப் பற்றியும் ஒரு பேச்சு வேண்டுமா என்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆனால் நாம் நுளம்பு என்று ஒரே பெயரால் அழைப்பது ஓரினமன்று. இலங்கையில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்ட நுளம்பினங்கள் உள. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும் இவை, முட்டையிடுவதற்கு எந்த நீரைத் தேடிச் செல்வது என்பதிற் பெரிதும் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டிலே இந்நாட்டு மக்கள் பல்லாயிரவரின் உயிர் தங்கியிருந்தது.

ஆண் நுளம்பு எவரையும் கடிப்பதில்லை. பூந்தேனும் செடிகளின் சாறுமே அதன் ஆகாரம். பெண்ணும் அவற்றை உண்டு வாழும். முட்டைகள் முதிர்வதற்குப் புரதம் வேண்டியிருப்பதனாலேயே அது இரத்தத்தை நாடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி நீரில் வாழினும், காற்றுக்காக நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். கியூலெக்ஸ் என்னும் இனத்தின் குடம்பி, வாற்புறத்துள்ள சுவாசக்குழாயை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் குடம்பிக்கு அத்தகைய குழாய் இல்லை. அது நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். கண்ணாடிக் குவளையொன்றில் இட்டுப் பார்த்தால் பத்து வயதுச் சிறுவனும் இரண்டையும் பிரித்தறிவான். கலை படித்துப் பட்டம் பெற்ற எனக்கே அது இயலுமாயிற்று! பின்னர்க் குடம்பி கூட்டுப்புழுவாகி, இரண்டொரு நாள் உணவின்றிக் கிடக்கும். இறுதியில், கழற்றிய தோலையே தெப்பமாகக் கொண்டு அதன்மேல் நின்று, சிறகுலர்த்திப் பறந்துவிடும்.

மலேரியாக் கிருமி அனோபிலிஸ் நுளம்பினுள் வளர்வதை 1897ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கண்டறிந்தார். இலங்கையில் அந்நோயைப் பரப்பிய முதன்மையான இனம் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்பது. சாக்கடை நீரை அது விரும்புவதில்லை. வெயில் படும், தெளிந்த, ஓட்டமில்லாத நீரே அதற்கு உகந்தது. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. மழையில்லையேல் நுளம்பும் இல்லை என்றுதானே நாம் நினைப்போம்? நடந்ததோ மறுதலை. ஏனைய ஆண்டுகளிற் குடம்பிகளை அடித்துச் செல்லும் களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றி, மணற்படுகையிலே சிறு குட்டைகளாயின. ஒவ்வொரு குட்டையும் ஒரு தொட்டிலாயிற்று. அவ்வாண்டின் இறுதியிலும் 1935இலும் கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் சிற்றூர்கள் காய்ச்சலில் வீழ்ந்தன. எண்பதினாயிரம் பேரளவில் மாண்டனர் என்பர். மழைவளம் மிக்க பகுதிகளில் வாழ்ந்த அம்மக்களின் உடலில் அந்நோயை எதிர்க்கும் வலிமை பழகியிருக்கவில்லை.

இரத்தங் குடித்தபின் வீட்டுச் சுவரில் அமர்ந்து இளைப்பாறுவது இதே நுளம்பின் மற்றொரு வழக்கம். அதை அறிந்தே 1940களின் பிற்பகுதியிற் சுவர்களுக்கு டி.டி.ரி. தெளித்தனர். 1963இல் நோயாளர் தொகை வெறும் 17. வெற்றி வந்துவிட்டதென்று தெளிப்பதை நிறுத்தினார்கள். அப்பத்தாண்டு முடியுமுன் ஆண்டொன்றில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 2016ஆம் ஆண்டிலேதான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

இனி நமது கொழும்புக்கு வருவோம். மருதானையிற் கால்வாயோரத்தில் வாழ்வோர் இரவில் விரட்டும் நுளம்பு பெரும்பாலும் கியூலெக்ஸ்; அழுக்கு நீரே அதற்கு அமுதம். ஆனால் கால்வாயையே குறைகூறிக்கொண்டிருப்பவரை வீட்டினுள்ளே கடிப்பது வேறொன்று. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி, கால்களில் வெள்ளை வளையங்களும் முதுகில் யாழ் போன்றதோர் வெண்கோலமும் கொண்டது. இத்துணை அழகிய நுளம்பு வேறில்லை என்பது என் கருத்து. அது பகலிலே, சிறப்பாகக் காலையிலும் மாலை சாயுமுன்னும் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு யார் தூரத்துக்கு அப்பாற் செல்வது அரிது. ஆகவே நம்மைக் கடித்தது அயல்வீட்டிலோ, நம் வீட்டிலோ பிறந்ததுதான். பூச்சாடித் தட்டு, சிரட்டை, கூரைப்பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்துத் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் நீர் அதற்குப் போதும். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் டெங்குக் காய்ச்சலுற்றோர் தொகை 1,86,000ஐத் தாண்டியது. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

ஏடிஸ் முட்டையிடுவது நீரிலன்று. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச்சுவரில் ஒட்டி வைக்கும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி நீர் ஏறியவுடன் பொரிக்கும். ஆதலால் நீரைக் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்க்கவேண்டும். பொரித்த குடம்பி நுளம்பாகிப் பறப்பதற்கு ஒரு கிழமையேனும் செல்லும். எங்கள் பாடசாலையில் வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் மாணவர் வாளிகளையும் பூச்சாடிகளையும் பீலிகளையும் பார்வையிடுவது இக்கணக்கை வைத்துத்தான். விடுமுறைக் காலத்தில் அவ்வேலையைச் செய்வோர் யார் என்பதைப் பெற்றோருடன் பேசி முடிவுசெய்திருக்கிறோம்.