டர்போ இயந்திரமும் காற்று வழியும்



மோட்டார் வாகனப் பிரியரிடையே நெடுநாளாய் நிலவிவரும் வழக்கொன்றை இன்று ஆராய்வோம். இயந்திரத்தின் சிலிண்டர் தலையிலே காற்று உட்புகவும் புகை வெளியேறவும் துவாரங்கள் உள. அவற்றின் கரடுமுரடுகளைத் தேய்த்து, வளைவுகளைச் சீர்செய்வதையே பட்டறைக்காரர் ‘போர்ட்டிங்’ என்பர். டர்போ பூட்டிய இயந்திரத்துக்கு இவ்வேலை வேண்டுமா, வேண்டாமா என்பதே வழக்கு.

வேண்டாம் என்போர் கூறும் நியாயம் எளிது. 1905ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி காப்புரிமை பெற்ற கருத்தின் வழிவந்தது டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தாற் சுழலும் சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. வாயில் ஒடுக்கமாயின் இன்னுஞ் சற்றுப் பலமாகத் தள்ளினாற் போதாதா? வாயிலைத் திருத்துவானேன்? இது அவர் வாதம்.

இங்கேதான் ஒரு மயக்கம் உண்டு. அழுத்தமானி காட்டுவது சிலிண்டருட் புகுந்த காற்றின் அளவையன்று. வாயிலின் முன்னே நெருங்கி நிற்கும் காற்றின் அழுத்தத்தையே. திருவிழா நாளில் கோயில் வாயிலிலே நெரிசல் மிகுந்ததாயின், உள்ளே சென்றோர் தொகை மிகுந்தது என்பது பொருளாகுமா?

மேலும், அமுக்கப்படுங் காற்று சூடேறும். 30 பாகை செல்சியசில் உள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், நூற்றுக்கு 70 வீதத் திறனுள்ள அமுக்கியிலிருந்து அது ஏறத்தாழ 125 பாகைச் சூட்டோடு வெளிவரும். சூடேறிய காற்று ஐதாகும். அன்றியும், தீச்சுடர் வந்து சேருமுன்னரே எரிகலவை தானே வெடிக்க அது ஏதுவாகும். அவ்வெடிப்பு பிஸ்டனையே உடைக்கவல்லது. வழி சீரானால், அதே அளவு காற்று குறைந்த அழுத்தத்திலே, குறைந்த சூட்டோடு உட்செல்லும். டர்போ இயந்திரத்தில் இவ்வேலையின் மெய்ப்பயன் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். நம் நாட்டு வீதிகளில் ஓடிய மொறிஸ் மைனரை அறியாதார் சிலரே. 1952 முதல் அதிற் பொருத்தப்பட்ட ‘ஏ’ வரிசை இயந்திரத்தின் தலையை வகுத்தவர், காற்றோட்ட ஆய்வில் வல்லவரான ஆங்கிலேயர் ஹரி வெஸ்லேக். அதிலே நான்கு சிலிண்டர்களுக்கும் உட்புகு துவாரங்கள் இரண்டே. வெளியேற்றுந் துவாரங்கள் மூன்றே. நடுவிலுள்ள இரு சிலிண்டர்களின் புகையும் ஒரே வழியாற் செல்லும். 1982இல் வெளிவந்த எம்.ஜி. மெற்றோ டர்போ, இதே குடும்பத்தைச் சேர்ந்த 1275 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைக் கொண்டிருந்தது. டர்போ சேர்ந்தும் துவாரங்கள் ஐந்தாகவே நின்றன. இத்தகைய நெருக்கடியான தலையிலே திருத்தத்துக்கு நிரம்ப இடமுண்டு. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் கொண்ட பிற்காலத் தலைகளிலோ வழி முன்னரே விசாலமானது. ஆதலின் பெறும் ஆதாயமும் பொதுவாகக் குறைவு.

துவாரங்களைப் பெரிதாக்குவதே திருத்தம் என எண்ணுதல் பேதைமை. பயன் பெரிதுங் கிட்டுவது வால்வு அமருமிடத்தை அடுத்த கழுத்துப் பகுதியிலும், வழி சட்டெனத் திரும்பும் உள்வளைவிலுமே. அளவுக்கு மிஞ்சி அகட்டினால், இயந்திரம் மெதுவாய் ஓடும்போது காற்றின் வேகம் தளரும். இன்னும் அரைத்தால், தண்ணீர் ஓடும் அறையின் சுவர் துளைபட்டுத் தலையே பாழாகும்.

அங்ஙனமாயின் தீர்ப்பு யாது? அன்றாடப் பயணத்துக்கு வண்டி வைத்திருப்பவர் இதற்கெனவே தலையைக் கழற்றிப் பணஞ் செலவிட வேண்டுவதில்லை. அமுக்கிய காற்றைக் குளிர்விக்குஞ் சாதனத்தைப் பேணுதலும், எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதலும் அவருக்குப் போதும். ஆனால், அழுத்தத்தை ஏற்ற ஏற்றச் சூடு மிகுந்து வலு மிகாத நிலை வந்தாலும், வேறு பழுதுக்காகத் தலை கழற்றப்பட்டிருந்தாலும், கழுத்தையும் வால்வு அமருமிடத்தையும் அளவோடு சீர்செய்தல் பயனுடைத்து.

அதற்கும் காற்றோட்டத்தை அளக்குங் கருவியுள்ள பட்டறையையே நாடுக. வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த கணக்கைக் கேட்டுப் பெறுக. அழுத்தமானியின் எண்ணைக் கொண்டு வேலையை மதிப்பிடல் தகாது. நல்ல வேலை நடந்தபின் அவ்வெண் முன்னையிலும் குறைந்து நிற்கவுங் கூடும். அதனைக் குறையெனக் கொள்ளற்க.